ஆசிட்டில் அலசிய மணிகள்

எங்கள் தெருவில் ஏலவார்குழலியை முழுப் பெயரும் சொல்லிக் கூப்பிடுவது அவள் புருஷன் கலியாணசுந்தரம் ஒருவர்தான், அதுவும் கோபம் வந்தால். மற்றவர்களுக்கு அவள் குழலி. இப்போது இரண்டு வருஷமாகத் தண்ணிக் குழலி. தெருமுனையில் இருக்கும் தண்ணீர்க் கொட்டகையின் சாவி அவள் இடுப்பில்தான் தொங்கும். சாவி இல்லாமல் அவளை நான் பார்த்தது ஒரே ஒரு மாதம். அந்த மாதத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

நான் எதிர்வீட்டுக் காவேரி. ப்ளவுஸ் தைப்பவள். எனக்கு வாய் நீளம் என்று தெருவே சொல்லும். சொல்கிற தெருவுக்கு மட்டும் வாய் குட்டையா என்று நான் கேட்பேன். ஆனால் இந்த விஷயத்தில் என் வாய்க்கும் ஒரு பங்கு உண்டு, அதை மறைக்கப்போவதில்லை.

குழலி இருபத்தேழு வருஷம் சாயப்பட்டறையில் அலசல் வேலை பார்த்தவள். கச்சாப் பட்டு நூலைச் சோப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்துப் பசை எடுப்பார்கள். அப்போது கையில் கொழகொழவென்று ஒரு வழவழப்பு வரும். அது போகப் போகத்தான் பட்டு மினுங்கும். பிறகு சாயம். சாயத்துக்குப் பிறகு ஆசிட் கலந்த தண்ணீரில் ஒரு முக்கு முக்குவார்கள். அந்தக் கடைசி முக்கில்தான் சாயம் நூலில் நிலைத்து நிற்கும். ஆசிட் சரியான அளவில் இருக்கிறதா என்று குழலி ஒரு சொட்டை நாக்கில் வைத்துச் சொல்லிவிடுவாள். முதலாளி ஒரு தடவை மீட்டர் வாங்கிவந்தார். மீட்டர் நான்கு மாதத்தில் பழுதாகிவிட்டது, குழலியின் நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. முட்டி தேய்ந்து நிற்க முடியாமல் போனபோதுதான் அவள் பட்டறையை விட்டாள். நகக்கண்ணில் மட்டும் இன்னும் கொஞ்சம் அரக்குச் சிவப்பு மிச்சமிருக்கிறது.

செவிலிமேடு டவுன் பஸ் திரும்புகிற இடத்துக்குப் பக்கத்தில் எங்கள் தெரு. குழாய்த் தண்ணீர் வருகிற நாளில் வரும், வராத நாளில் பொது போர்வெல்தான் கதி. அந்தத் தண்ணீரில் ஈயம் இருக்கிறது என்று கண்டுபிடித்தவள் ஆஷிஃபா. ஒலிமுகமதுபேட்டையில் சாயப்பொடிக் கடை வைத்திருந்த ஃபக்ருதீன் பாயின் பேத்தி. கல்லூரியில் தண்ணீரைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். தெருவுக்குப் பின்னால் முன்னொரு காலத்தில் பழைய பேட்டரிகளை உடைத்து உருக்குகிற கொட்டகை ஒன்று இருந்தது. அதிலிருந்து இறங்கியதாக இருக்கும் என்றாள். பார்த்தால் பளிங்கு மாதிரித் தண்ணீர். அதில் ஈயம் என்றால் யார் நம்புவார்கள்? நான் நம்பவில்லை. குழலி நம்பினாள்.

"தண்ணி தெளிவா இருக்குதுன்னா நல்லா இருக்குதுன்னு அர்த்தம் இல்ல காவேரிக்கா. ஆசிட் தண்ணி கூடத் தெளிவாத்தான் இருக்கும்," என்றாள். அதனால்தான் ஆஷிஃபா சாவியை அவளிடம் கொடுத்தாள்.

தண்ணீர்க் கொட்டகையில் ஆஷிஃபா வைத்தது ஆள் உயரத்துக்கு ஒரு குழாய், போர்த் தண்ணீர் அதன் வழியாகத்தான் வரும். அதற்குள் கேழ்வரகு நிறத்தில், கேழ்வரகு அளவில் மணிகள். முதல் நாள் ஆஷிஃபா ஒரு பிடி மணியைக் குழலியின் உள்ளங்கையில் கொட்டி விளக்கினாள்.

"இது ஒவ்வொண்ணுலயும் கண்ணுக்கே தெரியாத இரும்புத் துகள் கோடிக்கணக்குல ஒட்டிக்கினு இருக்குதுக்கா. நானோன்னு சொல்வோம். மெல்லிசு பட்டு நூலு சாயத்த நல்லா இழுத்துக்கும் இல்ல? அதே மாதிரிதான். துகள் எவ்ளோ சின்னதோ அவ்ளோ ஈயத்தப் புடிச்சிக்கும்."

"அப்போ ஈயம் சாயம், மணி பட்டு. அவ்ளோதானேம்மா?"

"அவ்ளோதாங்க்கா," என்று சிரித்தாள் ஆஷிஃபா.

அந்த மணிகளை உருட்டிப் பிடித்திருக்கும் பசை இறால் ஓட்டிலிருந்து எடுத்தது என்று தெரிந்ததும் மூன்றாவது வீட்டுச் சைவக் குடும்பம் இரண்டு மாதம் கொட்டகைப் பக்கமே வரவில்லை. பிறகு அந்த வீட்டு மருமகள் மத்தியான நேரம் பார்த்துக் குடத்தை முந்தானையில் மூடிக்கொண்டு வந்தாள். பசித்தாலும் புலி புல்லைத் தின்னாது என்பார்கள், தாகத்தைப் பற்றி யாரும் அப்படிச் சொல்லவில்லை. மாதாமாதம் ஆஷிஃபா பாட்டிலில் தண்ணீர் எடுத்துப்போய்ச் சோதித்தாள். ஒவ்வொரு தடவையும் ஈயம் இல்லை என்றே வந்தது. ஒரு வருஷம் இப்படியே நல்லபடியாக ஓடியது.

போன வருஷம் மாசிக் கடைசியில் குழலியின் ஒரே மகள் நதியாவுக்கு ஏழாம் மாத வளைகாப்பு. தென்னேரியில் புகுந்த வீட்டில் வளையல் அடுக்கி, முதல் பிரசவத்துக்குக் குழலி வீட்டுக்கு அழைத்துவந்தாள். வந்த அன்றே சம்பந்தியம்மாளிடம் போனில் பெருமை அடித்துக்கொண்டதை நானே கேட்டேன்: "எங்க தெரு தண்ணி மாதிரி உங்க ஊர்ல கெடைக்காது சம்பந்தி. ரிப்போர்ட் இருக்குது!"

அந்த நேரம் பார்த்துக் கொட்டகைக் குழாயில் தண்ணீர் மெலிந்தது. ஒரு குடம் நிரம்பக் கால் மணி நேரம். பங்குனி உத்திரத் திருவிழா நெருங்குகிறது, எல்லார் வீட்டிலும் விருந்தாளிகள். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நான் முணுமுணுக்கிற ரகம் இல்லை.

"என்னா குழலி, உங்க குழாய்க்கு நீர்க்கடுப்பா? சாவியத்தான் இடுப்புல தொங்க வுட்டுக்கினு இருக்கற, ஒரு வழி பண்ணக் கூடாதா?" என்று பத்துப் பேர் முன்னால் கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். குழலி சிரிக்கவில்லை.

ஆஷிஃபாவுக்குப் போன் போட்டாள். அவள் ஏதோ தேர்வுக்காகச் சென்னைக்குப் போயிருந்தாள், போன் அணைந்திருந்தது. குழாயைப் பயிற்சி பெற்றவர் தவிர யாரும் திறக்கக் கூடாது என்று சுவரில் தாள் ஒட்டியிருந்தது. இருபத்தேழு வருஷம் பட்டறையில் நின்றவளைவிடப் பயிற்சி பெற்றவர் யார்? மறுநாள் காலை குழலி குழாயைத் திறந்து மணிகளை இரண்டு அன்னக்கூடையில் கொட்டினாள். ஈயம் சாயம், மணி பட்டு. பட்டில் சாயம் நிலைக்க என்ன செய்வார்கள்? பட்டறையிலிருந்து அரை கேன் ஆசிட் வாங்கிவந்து, தண்ணீர் கலந்து, ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்து, மணிகளை அதில் முக்கி அலசினாள். கையில் கொழகொழவென்று வந்தது. அவளுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. பசை போகிறது, அழுக்கு விடுகிறது, இனி மினுங்கும். நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசித் திரும்பக் குழாயில் நிரப்பினாள்.

தண்ணீர் சும்மா பீய்ச்சி அடித்தது. நானே அவள் கையைப் பிடித்து, "கைராசிக்காரிதான்டி நீ," என்றேன். நதியாவுக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்லி டாக்டர் சொல்லியிருந்தார். குழலியே சொம்பில் பிடித்துப் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒன்பது நாள்.

ஒன்பதாம் நாள் ஆஷிஃபா ஊர் திரும்பி, வழக்கம்போல் பாட்டிலில் தண்ணீர் எடுத்துப்போனாள். அடுத்த நாள் காலை பதினோரு மணி இருக்கும். நதியாவுக்கு நைட்டி அளவு எடுக்க நான் குழலி வீட்டில் இருந்தேன். குழலியின் போன் அடித்தது. அடுப்படியில் கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, ஒடனே கொட்டகையப் பூட்டுங்க. ஒருத்தருக்கும் தண்ணி குடுக்காதீங்க."

"இன்னாம்மா ஆச்சு?"

"ஈயம் இருக்கக் கூடிய அளவ விட பதினாலு மடங்கு இருக்குதுக்கா. போர்ல இருக்கறத விட ஜாஸ்தி. புடிச்சி வெச்சிருந்ததெல்லாம் மொத்தமா வெளிய வந்த மாதிரி இருக்குது. எனக்கு ஒண்ணுமே புரியல. யாராச்சும் அதுல புளி, எலுமிச்சம்பழம், ஆசிட்னு எதுனா ஊத்தினாங்களா? புளிப்பு பட்டா மணி ஈயத்த வுட்டுடும்."

குழலி என்னைப் பார்க்கவில்லை. அப்போதுதான் சொம்போடு கதவோரம் வந்து நின்ற மகளைப் பார்த்தாள்.

"இல்லம்மா. யாரும் ஊத்தல," என்றாள்.

அவள் ஆசிட்டில் அலசியது எனக்கு அப்போது தெரியாது. தண்ணீரின் மேல்தான் எரிச்சலாக வந்தது. குழாயில் அழுக்கு என்று மட்டும் சொல்லி, குழலி நதியாவின் கையிலிருந்து சொம்பை வாங்கித் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினாள். பிறகு குடம், பானை, பிரிட்ஜிலிருந்த பாட்டில் எல்லாவற்றையும் ஊற்றினாள். ஊற்றி முடித்த பிறகும் காலிக் குடத்தைக் கவிழ்த்தபடியே நின்றுகொண்டிருந்தாள்.

அன்று முதல் மூன்று நாள் அவள் பட்ட பாட்டை அவளே பிறகு என்னிடம் சொல்லி அழுதாள். ஈயம் வயிற்றிலிருக்கும் பிள்ளையின் மூளைக்குப் போகும் என்று முதல் நாள் கூட்டத்தில் ஆஷிஃபா சொன்னது அவளுக்கு வார்த்தை மாறாமல் நினைவிருந்தது. நதியா இருமினால் இவள் ஓடிவந்து நின்றாள். நதியா தூங்கினால், ஏன் இத்தனை நேரம் தூங்குகிறாள் என்று பயம். "அசையுதாடி? இப்போ அசையுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "தூங்க வுடும்மா, அதுவும் தூங்கும் இல்ல?" என்று நதியா எரிந்து விழுந்தாள். கலியாணசுந்தரம் தறியிலிருந்து இறங்கி வந்து என்ன விஷயம் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றாள். அவருக்குச் சோறு போட மறந்துபோனதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை நதியாவை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப்போனாள். சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று மகளிடம் பொய். கவுன்டரில் மட்டும் தலையைக் குனிந்து, "ஈயம் ஏறிச்சான்னு பாக்கணும்," என்று காதோடு சொன்னாள். ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்ப வேண்டும், நான்கு நாள் ஆகும் என்றார்கள். நான்கு நாள் என்று அவர்கள் சுலபமாகச் சொல்லிவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை ஆஷிஃபா ஸ்பேனரோடு வந்தாள். கண் வீங்கியிருந்தது. குழாயைக் கழற்றிக் கல்லூரிக்குக் கொண்டுவரும்படி அவளுடைய பேராசிரியர் சொல்லிவிட்டாராம். இந்த மணிகளை இனி எந்தத் தெருவிலும் வைக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டாராம். நாங்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தோம். வேடிக்கை என்ன, ஆளுக்கு ஆள் திட்டினோம். "எங்க மேலயா சோதனை பண்ணிப் பாக்கறீங்க?" என்று யாரோ கத்தினார்கள். யாரோ என்ன, நான்தான்.

ஆஷிஃபா குழாய்ப் பக்கம் குனிந்தாள். ஸ்பேனரைத் திருகினாள், அது நழுவியது, மறுபடி மாட்டினாள். "எப்பிடி வுட்டுச்சுன்னே தெரியல. நாலு வருஷமா செஞ்சேன். என் மணி இப்பிடிப் பண்ணிடுச்சே," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

குழலி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து ஸ்பேனரைப் பிடித்தாள்.

"மணி மேல தப்பு இல்லம்மா. நான்தான் ஆசிட்ல அலசிட்டேன்."

குழலி நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி சொல்ல வராது என்று பயந்தவள்போல ஒரே மூச்சில் சொன்னாள். "தண்ணி மெதுவா வந்துச்சு. எல்லாரும் கேக்கறாங்களேன்னு தொறந்தேன். சாயத்துக்கு அப்பறம் ஆசிட்ல முக்குனா நிக்கும் இல்ல? ஈயமும் நிக்கும்னு நெனச்சேன். நீ கேட்டப்ப இல்லன்னு சொன்னேன். என் பொண்ணு பக்கத்துல நின்னுக்கினு இருந்தா. வாய் வரல."

எல்லாரும் கேட்கிறார்களே என்றாளே தவிர, யார் கேட்டது என்று அவள் சொல்லவில்லை. நானாவது அப்போது வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஒன்பது நாள் நானும் அதைக் குடித்தேன், என் பேரப்பிள்ளைகளும் குடித்தார்கள் என்ற பயம் தலைக்கு ஏறியது. "பாவி, உன் பொண்ணு வயித்துலயே வெஷத்த ஊத்திட்டியேடி!" என்று கத்தினேன். சொன்ன அந்த நிமிஷமே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது. சிந்திய தண்ணீரை அள்ள முடியுமா?

நதியா வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

"ரத்தம் எடுத்தது சக்கரைக்குன்னு சொன்னியேம்மா?"

"இல்லம்மா," என்றாள் குழலி.

நதியா இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். குழலி ஓடிப்போய்த் தொட வந்தபோது அந்தக் கையைத் தள்ளினாள். அன்று சாயங்காலமே அவள் புருஷன் லோகேஷ் வந்து தென்னேரிக்கு அழைத்துப் போய்விட்டான். சீமந்தம் முடிந்து வந்த பெண் பிரசவத்துக்கு முன்னால் தாய்வீட்டை விட்டுப் போனதை எங்கள் தெரு முதல் தடவையாகப் பார்த்தது. கலியாணசுந்தரம் அன்று முழுப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடவில்லை.

ஆஷிஃபா மட்டும் அன்று வெகுநேரம் கொட்டகை வாசலில் குழலி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "பட்டு மாதிரின்னு நான்தானேக்கா சொன்னேன். எங்க தாத்தா சாயப்பொடி வித்தவரு, அந்த ஞாபகத்துல சொல்லிட்டேன். ஆசிட் பட்டா பட்டு சாயத்தப் புடிச்சிக்கும், இது வுட்டுடும்னு சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்ல," என்றாள். குழலி சாவியை இடுப்பிலிருந்து அவிழ்த்து அவள் மடியில் வைத்தாள்.

புதன்கிழமை நதியாவின் போனுக்கு ரிப்போர்ட் வந்தது. அவள் அம்மாவுக்கு அனுப்பவில்லை, ஆஷிஃபாவுக்கு அனுப்பினாள். எட்டு. கர்ப்பிணியின் ரத்தத்தில் ஈயம் ஐந்துக்குக் கீழே இருந்தால் தேவலை என்றார் டாக்டர். எட்டு என்றால் பயந்து ஓட வேண்டியதில்லை, ஆனால் சும்மா விடவும் முடியாது. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை, ஒரு மாதம் கழித்து மறுபடி ரத்தம். தெருவில் ஆறு குழந்தைகளுக்கும் சோதித்தார்கள். ஒன்பது நாளில் நிறுத்தியதால் பெரிதாக ஏறவில்லை என்று சொன்னார்கள். என் பேரன்களும் அதில் உண்டு. அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு வந்தது. குழலிக்கு வரவில்லை.

அந்த ஒரு மாதமும் அவள் தினம் ஒரு முறை தென்னேரிக்குப் பஸ் ஏறினாள். வாலாஜாபாத்தில் இறங்கி, மாறி, சம்பந்தி வீட்டு வாசலில் கீரையும் முருங்கையும் வைத்துவிட்டுத் திரும்புவாள். நதியா முதல் வாரம் வெளியே வரவில்லை. இரண்டாம் வாரம் ஜன்னலிலிருந்து பார்த்தாள். மூன்றாம் வாரம், "வெயில்ல ஏம்மா வர்ற? முட்டி தாங்குமா?" என்றாளாம். அந்த ஒரு வார்த்தையை என்னிடம் நான்கு தடவை சொன்னாள் குழலி. மாதக் கடைசியில் ரத்தத்தில் நாலு என்று வந்தது. பிரசவத்துக்கு நதியா தாய்வீட்டுக்கே வந்தாள். ஆனி மாதம் பெண் குழந்தை. அழுகை நான்கு வீடு கேட்டது. இளவரசி என்று பெயர் வைத்தார்கள்.

டாக்டர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். ஈயம் ஏதாவது கெடுதல் செய்ததா இல்லையா என்று பிறந்தவுடனே தெரியாது. உட்காருவது, பேசுவது, கூப்பிட்டால் திரும்புவது எல்லாம் காலத்தில் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். நன்றாகத்தான் இருப்பாள், ஆனால் பாருங்கள்.

தப்பு மணியில் இல்லை என்று தெரிந்து பேராசிரியர் சம்மதித்ததும், நான் முதலில் சொன்ன அந்த ஒரு மாதக் கடைசியிலேயே ஆஷிஃபா புது மணி போட்டுக் குழாயை மறுபடி பொருத்தியிருந்தாள். மணிகளுக்கு நடுவில் அடைப்பு வந்தால் தண்ணீரால் மட்டும் கழுவும்படி ஒரு வால்வும் வைத்தாள். சாவியை யாரிடம் கொடுப்பது என்று தெருவில் பேச்சு வந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், திட்டியவள் நான்தானே. "குழலிகிட்டயே குடு. இனிமே அவளுக்குத் தெரியாத தப்பு நமக்கெல்லாம் தெரியுமா?" என்றேன். குழலி வாங்க மறுத்தாள். ஆஷிஃபா விடவில்லை. இப்போது குழலி தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்ப்பதில்லை. ரிப்போர்ட் தாளை ஆஷிஃபா இரண்டு தடவை படித்துக் காட்டிய பிறகுதான் சுவரில் ஒட்டுவாள்.

குழந்தையை ஐந்தாம் மாதத்தில் தென்னேரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அன்றிலிருந்து காலை ஆறு மணிக்கு ஒரு வழக்கம். நாங்கள் குடத்தோடு வரிசையில் நிற்போம். குழலி சாவியைப் பூட்டில் போடுவதற்கு முன்னால் நதியாவுக்கு வீடியோ கால் போடுவாள். நதியா ஒன்றும் பேசாமல் போனைக் குழந்தைக்குப் பின்னால் பிடிப்பாள். குழலி கூப்பிடுவாள், "இளவரசி!" குழந்தை திரும்பும். பிறகுதான் கொட்டகை திறக்கும்.

நேற்றுக் காலை குழந்தை ஒரு பிளாஸ்டிக் கரண்டியைத் தரையில் தட்டி விளையாடிக்கொண்டிருந்தது. பதினோரு மாதம் ஆகிவிட்டது. "இளவரசி!" திரும்பவில்லை. "இளவரசிம்மா!" கரண்டிதான் தட்டியது. வரிசையில் பதினேழு பேர். ஆறரை மணிக் கம்பெனிப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் நான்கு பேர் அதில் உண்டு. ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

"இளவரசி," என்றாள் குழலி மூன்றாவது தடவை, குரலே எழும்பாமல்.

கரண்டி நின்றது. குழந்தை கழுத்தைத் திருப்பிப் போனைப் பார்த்து, மேலே முளைத்திருந்த இரண்டு பல்லும் தெரியச் சிரித்தது.

"திரும்பிட்டா," என்று குழலி எங்களிடம் சொன்னாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சாவியைப் பூட்டில் போட்டாள். நாங்கள் குடங்களை எடுத்து முன்னால் நகர்ந்தோம்.